ஒழுகும் மூக்கும் ஒரு சாண் வேட்டித் துணியும்

நான் முதன்முதலாகப் பத்துக் கிலோமீட்டர் ஓடி முடித்த அன்று எடுத்த புகைப்படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. முடிவுக்கோட்டைத் தாண்டும் நேரம். இரண்டு கைகளையும் உயர்த்தியிருக்கிறேன். கோவையின் டிசம்பர் வெயில் சாய்வாக முகத்தில் விழுகிறது. அந்த வெயிலில் என் மேலுதடு பளபளவென்று மின்னுகிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டவுடன் நாத்தனார் கேட்டாள்: "என்ன அண்ணி, ஆனந்தக் கண்ணீரா?" ஆமாம் என்று பதில் போட்டுவிட்டேன். அது கண்ணீர் அல்ல, மூக்கு.

எனக்கு இப்போது 51 வயது. ஓடத் தொடங்கியது 44இல். ரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டது, நடக்கவாவது செய்யுங்கள் என்று மருத்துவர் சொன்னார். ரேஸ்கோர்ஸ் சுற்றுப்பாதையில் நடக்கப் போனேன். ஒரு சுற்று ஏறக்குறைய 2.5 கிலோமீட்டர். நடப்பவர்களைக் கடந்து ஓடுபவர்களைப் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு இடையே மட்டும் ஓடினேன். பிறகு நான்கு கம்பங்கள். ஆறு மாதத்தில் ஒரு முழுச் சுற்று. முழங்கால் வலிக்கும், மூச்சு வாங்கும் என்றெல்லாம் எல்லோரும் எச்சரித்திருந்தார்கள். மூக்கு ஒழுகும் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

கார்த்திகை பிறந்தால் போதும். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் இருக்காது. அரைச் சுற்று முடிவதற்குள் இடது துளையில் ஒரு குறுகுறுப்பு. அப்புறம் தண்ணீர். சளி என்று சொல்ல முடியாது. கெட்டியும் இல்லை, நிறமும் இல்லை, வெறும் தண்ணீர். உறிஞ்சினால் இன்னும் வேகமாக வரும். நான் வங்கியில் வேலை பார்ப்பவள். ரேஸ்கோர்ஸில் நடக்கும் பாதிப் பேர் எங்கள் கிளையில் கணக்கு வைத்திருப்பவர்கள். கடன் விண்ணப்பத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டிய ஒரு மில் முதலாளி எதிரே வந்து "குட் மார்னிங் மேடம்" என்றபோது, புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அதே கையைத் தூக்கி வணக்கம் வைத்திருக்கிறேன். அவர் கண்டிப்பாகப் பார்த்தார். கடன் முறைப்படி கிடைத்தது, அது வேறு விஷயம்.

வீட்டில் அத்தைக்கு இதில் சந்தேகமே இல்லை. அத்தை என்றால் என் மாமியார். "விடியற்காலைப் பனியில் தலையில் ஒன்றும் கட்டாமல் ஓடினால் நீர் கோத்துக்கொள்ளாமல் என்ன செய்யும் கண்ணு?" அவருடைய கணக்கில் எல்லாமே நீர்க்கோவைதான். முதல் வாரம் நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வைத்தார். இரண்டாவது வாரம் விரலி மஞ்சளை விளக்குச் சுடரில் கருக்கி, அந்தப் புகையை முகரச் சொன்னார். மூன்றாவது வாரம் நீர்க்கோவை மாத்திரையை உரைத்து நெற்றியில் பற்றுப் போட்டார். நான் காவி நெற்றியோடு வாடிக்கையாளர்களைப் பார்க்க முடியாது என்பதால் இரவில்தான் அந்த வைத்தியம். எதையும் நான் பழிக்கவில்லை. நொச்சி ஆவியில் முகத்தை வைத்துப் போர்வைக்குள் உட்கார்ந்திருப்பது இந்த உலகத்தின் மிகச் சிறந்த பத்து நிமிடங்களில் ஒன்று. ஆனால் மறுநாள் ஓடினால் மூக்கு மறுபடி ஒழுகியது. ஓடாத ஞாயிற்றுக்கிழமை ஒழுகவில்லை. இந்தச் சின்ன ஆதாரத்தை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

கவனிக்காமல் மாத்திரைக்குப் போனேன். எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் செட்டிரிசின் வாங்கிப் போட்டுக்கொண்டேன். மூக்கு அப்படியே இருந்தது, நான்தான் தூங்கி விழுந்தேன். அந்த வாரம் மாலையில் கணக்கு முடிக்கும்போது இரண்டு முறை தொகை ஒத்துப்போகவில்லை. பிறகு யாரோ சொன்னார்கள் என்று மூக்கில் விடும் சொட்டு மருந்து. ஓடப் போவதற்கு முன் இரண்டு சொட்டு. ஆகா, என்ன சுகம்! மூக்கு கோயில் கோபுர வாசல்போலத் திறந்தது. ஒழுகுவது நிற்கவில்லை என்பதைக்கூட அந்த மகிழ்ச்சியில் மறந்தேன். காலையில் இரண்டு சொட்டு, பிறகு இரவிலும் இரண்டு சொட்டு, பிறகு அலுவலக மேசை இழுப்பறையில் ஒரு புட்டி. இரண்டு மாதம் ஓடியது. மருந்து இறங்கியவுடன் மூக்கு சுவர்போல அடைத்துக்கொள்ளும். இரவில் வாயால் மூச்சு விட்டுத் தொண்டை காய்ந்து எழுந்திருப்பேன். சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் வகைச் சொட்டுகளை மூன்று முதல் ஐந்து நாளுக்கு மேல் தொடரக் கூடாது. இது புட்டியோடு வரும் தாளில் எறும்பு எழுத்தில் இருக்கும். ஊருக்கெல்லாம் கடன் பத்திரத்தின் சிறிய எழுத்துகளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்கிறவள் நான்.

அப்படி மூக்கடைத்துப் போன நிலையில்தான் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போனேன். அறுபதைத் தாண்டியவர், அவசரம் இல்லாதவர். மூக்கைப் பார்ப்பதற்கு முன் கேள்விகள் கேட்டார். தும்மல் அடுக்கடுக்காக வருகிறதா? மூக்கும் கண்ணும் அரிக்கிறதா? வீடு பெருக்கும்போது, பரணில் ஏறும்போது வருகிறதா? இரண்டு துளையிலுமா, ஒன்றிலா? ஓடி நிறுத்திய பிறகு எவ்வளவு நேரம்? ரசம் குடித்தால் ஒழுகுமா? கடைசிக் கேள்விக்கு நான் சிரித்துவிட்டேன். மிளகு ரசத்துக்கு ஒழுகாத மூக்கும் இருக்கிறதா என்ன? அவர் சிரிக்கவில்லை. "அதேதான் இதுவும்" என்றார்.

மிளகும் மிளகாயும் வாயில் பட்டால் அங்குள்ள நரம்பு முனைகள் எரிச்சலை மூளைத்தண்டுக்குச் சொல்கின்றன. அங்கிருந்து இன்னொரு நரம்பு வழியாக மூக்கின் சுரப்பிகளுக்கு உத்தரவு போகிறது: நீரை விடு, கழுவித் தள்ளு. யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. ஓடும்போது குளிர்ந்த, உலர்ந்த காற்று மூக்குக்குள் வேகமாகப் பாய்வதும் அங்குள்ள அதே வகை நரம்பு முனைகளைத்தான் உசுப்புகிறது. ஒவ்வாமையும் வேண்டாம், கிருமியும் வேண்டாம். உடற்பயிற்சியால் வரும் மூக்கழற்சி என்று இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. பனிச்சறுக்கு விளையாடுகிறவர்களுக்கு இது சர்வசாதாரணம் என்பதால் அவர்கள் பெயரையே இந்த மூக்குக்கு வைத்துவிட்டார்கள். ஒவ்வாமை இல்லாததால் செட்டிரிசினுக்கு இங்கே வேலையே இல்லை.

பிறகு மூக்குக்குள் என்ன நடக்கிறது என்று அவர் ஒரு மருந்துச்சீட்டின் பின்புறம் வரைந்து காட்டினார். மூக்கின் பக்கச்சுவரில், ஒவ்வொரு பக்கமும் மூன்று மடிப்புகள், அலமாரித் தட்டுகள்போல. அவற்றின் மேல் ஈரத்தோல், அதன் கீழே ரத்தநாளங்கள். உள்ளே வரும் காற்று இந்தத் தட்டுகளில் உரசி உரசிச் சூடாகி, ஈரமாகி நுரையீரலுக்குப் போக வேண்டும். நுரையீரலுக்கு 37 டிகிரிச் சூடும் முழு ஈரமும் உள்ள காற்றுதான் வேண்டும். வெளியே பொள்ளாச்சி வெயிலா, ஊட்டிப் பனியா என்பது அதற்குத் தேவையில்லாத விவரம்.

வீட்டுக்கு வந்து இதை நான் வரவு செலவாகப் போட்டுப் பார்த்தேன். பழக்க தோஷம். 37 டிகிரியில் முழு ஈரம் கொண்ட காற்றில் ஒரு கனமீட்டருக்கு 44 கிராம் தண்ணீர் இருக்கும். கோவையில் மார்கழி விடியலில் 18 டிகிரி என்றால், ஈரம் முழுக்க நிறைந்த காற்றாக இருந்தாலும் 15 கிராம்தான். ஒவ்வொரு கனமீட்டருக்கும் 29 கிராம் பற்றாக்குறை. சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்றை இழுக்கிறார். மிதமாக ஓடும் நான் 50 லிட்டர் இழுப்பதாக வைத்துக்கொண்டால் மணிக்கு மூன்று கனமீட்டர். ஆக, ஒரு மணி நேர ஓட்டத்தில் என் மூக்கும் வாயும் தொண்டையும் சேர்ந்து 87 கிராம் தண்ணீரைக் காற்றுக்குக் கடனாகக் கொடுக்கின்றன. அரை டம்ளர். மூச்சை வெளியே விடும்போது குளிர்ந்துபோயிருக்கும் மூக்கின் முன்பகுதியில் அந்த நீராவியில் ஒரு பங்கு மறுபடி நீராகப் படிகிறது. கொடுத்த கடனில் கொஞ்சம் வசூல். வசூலான தண்ணீரும் சுரப்பிகள் அவசரமாக விட்ட தண்ணீரும் சேர்ந்து வழிவதைத்தான் நான் இத்தனை நாள் நோய் என்று நினைத்து மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். மூக்கு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. கொஞ்சம் அளவுக்கு மீறிய விசுவாசத்தோடு செய்தது, அவ்வளவுதான்.

இதை மறு மாதமே ஊட்டியில் சரிபார்க்க முடிந்தது. ஜனவரியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். 2,240 மீட்டர் உயரம். காலை ஆறரை மணிக்குக் கைப்பேசி 5 டிகிரி காட்டியது. புல்வெளியில் உறைபனி உப்புத் தூவியதுபோலக் கிடந்தது. ஏரியைச் சுற்றி ஓடினேன். 5 டிகிரிக் காற்றில் ஒரு கனமீட்டருக்கு ஏழு கிராம் தண்ணீர்கூட நிற்காது. பற்றாக்குறை 37 கிராம். மூன்றாவது நிமிடத்திலேயே ஆரம்பித்துவிட்டது, அப்புறம் நிற்கவே இல்லை. கடைசியில் துடைப்பதையே விட்டுவிட்டேன். கல்யாண மண்டபத்துக்குத் திரும்பி, சூடாக ஒரு காபி குடித்துக் கால் மணி நேரத்தில் எல்லாம் நின்றுபோனது. கணக்கு ஒத்துப்போனதில் எனக்கு இருந்த மகிழ்ச்சியை அங்கே யாரிடமும் சொல்ல முடியவில்லை.

இன்னொரு விஷயமும் அந்த மருத்துவரிடம் தெரிந்துகொண்டேன். என் தாத்தாவுக்குச் சரம் பார்க்கும் பழக்கம் உண்டு. வெளியே கிளம்பும் முன் மூக்கின் கீழே விரலை வைத்து, இடது மூச்சான இடகலை ஓடுகிறதா, வலது மூச்சான பிங்கலை ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, அதற்கேற்ற காலை எடுத்து வைப்பார். நாங்கள் பேரப்பிள்ளைகள் ஒளிந்திருந்து சிரிப்போம். சிரித்திருக்க வேண்டியதில்லை. பெரும்பாலோருக்கு ஒரு நேரத்தில் ஒரு துளை சற்று அடைத்தும் மற்றது திறந்தும் இருக்கும், சில மணி நேரத்துக்கு ஒருமுறை அது மாறும். ஐரோப்பிய மருத்துவத்தில் இதை 1895இல் ரிச்சர்டு கேசர் என்ற ஜெர்மன் மருத்துவர் எழுதி வைத்தார். சகுனம் எவ்வளவு பலிக்கும் என்பது தாத்தாவின் பாடு. ஆனால் விரலுக்குப் பட்ட காற்று பொய் இல்லை. ஓடத் தொடங்கினால் இந்த முறைமாற்றம் கலைந்துவிடுகிறது. உடல் விழித்துக்கொண்டு மூக்கின் ரத்தநாளங்களைச் சுருக்க, இரண்டு துளைகளும் சேர்ந்து திறக்கின்றன. மூக்கடைப்போடு ஓடப் போனவர் பத்து நிமிடத்தில் மூக்கு விட்டுப்போச்சு என்று மகிழ்வது இதனால்தான். நான் காசு கொடுத்து வாங்கிய சொட்டு மருந்தும் இதே ரத்தநாளங்களைத்தான் சுருக்கியது. ஓட்டம் இனாமாகச் செய்ததைப் புட்டியில் வாங்கி, பின்விளைவையும் சேர்த்து வாங்கியிருக்கிறேன். அந்தப் புட்டியிலிருந்து விடுபட முதலில் ஒரு துளைக்கு மட்டும் நிறுத்து, அது திறந்த பிறகு மற்றதற்கு நிறுத்து என்றார் மருத்துவர். மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரத்தைப் பற்றி எழுத விருப்பமில்லை.

சரி, நோய் இல்லை. ஆனாலும் ஒழுகுகிறதே, அதற்கு என்ன செய்வது?

எங்கள் ஓட்டக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். 68 வயது. அவர் இதைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "ஒரு துளையை அழுத்திப் பிடி, மற்றதால் ஓங்கிச் சிந்து, ஓடிக்கொண்டே இரு. இதற்குப் போய் டாக்டர் எதற்கம்மா?" என்றார். வயலில் வேலை செய்கிறவர்கள் காலங்காலமாகச் செய்வது. சைக்கிள் பந்தயக்காரர்களும் நெடுந்தூர ஓட்டக்காரர்களும் உலகம் முழுக்கச் செய்வது. நான் கூச்சத்தை விட்டு ஒரு நாள் செய்து பார்த்தேன். நாள் தேர்வுதான் பிசகிவிட்டது. அது ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று எப்படி இருக்கும் என்று கோவைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், நான் சிந்தியது எம்மாத்திரம்? நான் மேற்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்தேன். அது திரும்பி வந்தது. என் தோளிலும், எனக்குச் சற்றுப் பின்னால் வந்துகொண்டிருந்த மாஸ்டரின் வெள்ளைப் பனியனிலும். அவர் எதுவும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து எனக்கு முன்னால் ஓட ஆரம்பித்தார்.

காற்று ஒரு பக்கம் இருக்கட்டும், நடைபாதையில் சிந்துவது எனக்குப் பிடிக்கவில்லை. காலையில் பெருக்க வருகிற பெண்கள் இருக்கிறார்கள். பத்து மாதக் குழந்தையை நடக்கப் பழக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆள் இல்லாத காட்டுப் பாதையில், காற்றைப் பார்த்து, மண்ணில் சிந்தினால் நான் எதிர்க்க மாட்டேன். ரேஸ்கோர்ஸில் மாட்டேன்.

காகித டிஷ்யூ முதல் கிலோமீட்டரிலேயே வியர்வையில் கூழாகிவிடும். மூக்கில் வெள்ளைத் துகள் ஒட்டிக்கொண்டு அலுவலகம்வரை வந்த நாளும் உண்டு. துப்பட்டா நுனி நன்றாகத்தான் இருந்தது. அம்மாக்களின் முந்தானையில் மூக்கைத் துடைத்து வளர்ந்த தலைமுறைதானே நாம்? ஆனால் துப்பட்டாவோடு வேகமாக ஓட முடியவில்லை. கடையில் வாங்கிய கைக்குட்டை கஞ்சி போட்டு விறைப்பாக இருந்தது. பத்து முறை துடைத்ததில் மூக்கின் கீழ்த்தோல் உரிந்து, உப்பு வியர்வை பட்டு எரிந்தது. மணிக்கட்டில் போடும் டென்னிஸ் பட்டையும் அப்படியே. டவல் துணி முகத்தைத் துடைக்க நல்லது, மூக்கை நூறு முறை துடைக்க ஆகாது.

அத்தைதான் வழி காட்டினார். அவருடைய பீரோவின் கீழ்த்தட்டில் மாமாவின் வேட்டிகள் இருக்கின்றன. மாமா போய் ஒன்பது வருடம். புதிதாக இருந்தவற்றை அப்போதே கொடுத்துவிட்டார். துவைத்துத் துவைத்து நைந்து, யாருக்கும் கொடுக்க முடியாத பழைய ஆறு வேட்டிகளை மட்டும் மடித்து வைத்திருந்தார். பழைய வேட்டியின் மென்மைக்கு ஈடாகக் கடைகளில் ஒரு துணியும் கிடைக்காது. பிறந்த குழந்தையை அதில்தானே ஏந்துகிறோம். என் மூக்கின் கீழே சிவந்திருந்ததை அன்று அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். உள்ளே போனார். சர்ரென்று துணி கிழியும் சத்தம் கேட்டது. ஒரு சாண் அகலம், ஒரு முழ நீளம். "இதைக் கையில் சுற்றிக்கொண்டு போ கண்ணு" என்றார். விடியற்காலைப் பனியில் ஓடாதே என்பதை அதோடு சொல்வதை நிறுத்திவிட்டார் என்று நான் எழுதினால் அது பொய். இன்றும் சொல்கிறார்.

இடது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளங்கையில் பிடித்துக்கொள்வேன். ஓட்டத்துக்கு முன் மூக்கின் கீழும் ஓரங்களிலும் துளித் தேங்காய் எண்ணெய், தோல் உரியாமல் இருக்க. எண்ணெயை மூக்குக்குள் விட்டுக்கொள்வதில்லை. உள்ளே விட்ட எண்ணெய் மெல்ல மெல்ல நுரையீரலுக்கு இறங்கினால் அது தனி வம்பு. உறிஞ்சுவதற்குப் பதிலாகத் துடைத்துவிடுகிறேன். சிந்துவதாக இருந்தால் ஒரு துளையை மூடி மற்றதில் மெதுவாக. இரண்டையும் அடைத்துக்கொண்டு ஓங்கிச் சிந்தினால் காது அடைக்கிறது. முதல் ஐந்து நிமிடம் நடந்து, பிறகு மெல்ல ஓடி, பிறகுதான் வேகம். அவ்வளவு குளிர்காற்றை ஒரே மடக்காக மூக்கின் தலையில் கொட்டாமல் இருந்தால் அதுவும் கொஞ்சம் நிதானமாக இருக்கிறது. மூக்காலேயே மூச்சு விட்டு ஓடு என்று உபதேசிக்கிறவர்கள் உண்டு. மெதுவாக ஓடும்வரை சரி. நிமிடத்துக்கு 35, 40 லிட்டரைத் தாண்டும்போது பெரும்பாலோருக்கு வாய் தானாகவே திறந்துகொள்கிறது. அதோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

துணி போதாதவர்களுக்கு மருந்தும் இருக்கிறது. இப்ராட்ரோப்பியம் என்ற மூக்குத் தெளிப்பான். சுரப்பிகளுக்குப் போகும் அந்த நரம்பின் உத்தரவை அது மறித்துவிடும். ஒழுகுவது நிற்கும். அடைப்புக்கும் தும்மலுக்கும் பயன்படாது. மூக்கு வறண்டு சிலருக்கு ரத்தம் கசியும். மருத்துவர் எழுதிக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். என் மருத்துவர், முதலில் துணியைக் கட்டிப் பார், பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் இந்த மருந்தின் குலத்தைத் தேடிப் போனபோது எனக்கு ஓர் ஆச்சரியம் கிடைத்தது. இது அட்ரோப்பின் என்ற பொருளிலிருந்து உருவாக்கப்பட்டது. அட்ரோப்பின் நம் ஊமத்தையில் இருப்பது. சிவன் கோயிலுக்குப் பறிக்கும் அதே ஊமத்தை. அந்தக் கால மெட்ராஸில் ஆஸ்துமாவுக்கு ஊமத்தையை உலர்த்திப் புகைக்கும் வழக்கம் இருந்தது. 1802இல் ஜெனரல் ஜென்ட் என்ற ஆங்கிலேயப் படைத்தலைவர் இந்த வைத்தியத்தை மெட்ராஸிலிருந்து பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். அங்கே அது பரவி, ஆஸ்துமா சிகரெட்டாகவே விற்பனைக்கு வந்து, நூறு வருடத்துக்கு மேல் ஓடியது. இதைப் படித்துவிட்டு யாரும் வேலியோர ஊமத்தையைப் பறிக்கப் போக வேண்டாம். அது விஷம். எவ்வளவு மருந்து, எவ்வளவு நஞ்சு என்று இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

போட்டிகளில் ஓடுகிறவர்கள் சளி மாத்திரையிலும் கவனமாக இருக்க வேண்டும். 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் ருமேனியாவின் ஆந்த்ரேயா ரதுகான் ஜிம்னாஸ்டிக்ஸ் தனிநபர் ஒட்டுமொத்தப் பிரிவில் தங்கம் வென்றார். வயது 16. அணி மருத்துவர் கொடுத்த சளி மாத்திரையில், அப்போது தடைசெய்யப்பட்டிருந்த சூடோஎபிட்ரின் என்ற மூக்கடைப்பு மருந்து இருந்ததால் அந்தப் பதக்கம் பறிபோனது. 2004இல் அந்த மருந்து தடைப்பட்டியலிலிருந்து நீங்கியது. 2010இல் ஒரு அளவு வரம்போடு மறுபடி சேர்க்கப்பட்டது. எனக்கு யாரும் பதக்கம் தரப்போவதில்லை. இருந்தாலும் அந்தப் பெண்ணை நினைக்கும்போதெல்லாம் வயிறு பிசைகிறது. பதினாறு வயதில், நம்பிக் கொடுத்ததை நம்பி விழுங்கியதற்கு.

எல்லா ஒழுகலும் என்னுடையதுபோல அப்பாவி என்று சொல்லவில்லை. எங்கள் கூட்டத்தில் ஒரு பெண்ணுக்கு மழை முடிந்த மாதங்களில், அதுவும் காலி மனைகள் உள்ள சாலையில் ஓடினால் மட்டும் அடுக்குத் தும்மல், கண் அரிப்பு. அங்கே பார்த்தீனியம் இடுப்பளவு பூத்து நிற்கும். அது ஒவ்வாமை. அவளுக்குச் செட்டிரிசின் கேட்கிறது, மருத்துவர் கொடுத்த ஸ்டீராய்டு தெளிப்பானும் கேட்கிறது. ஓடப் போகும் நிமிடத்தில் அடித்தால் பயனில்லை, தினமும் தொடர வேண்டும். இடது துளைக்கு வலது கை, வலது துளைக்கு இடது கை, முனை நடுச்சுவரைப் பார்க்காமல் காதுப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும் என்பது அவள் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. இருமலும் நெஞ்சில் விசில் சத்தமும் சேர்ந்து வந்தால் அது மூக்கோடு நிற்கும் விஷயம் இல்லை. என்னைவிட வேகமாக ஓடும் ஒரு பையனுக்கு அப்படித்தான் ஆஸ்துமா தெரிய வந்தது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எப்போதும் ஒரே துளையிலிருந்து, தெளிந்த தண்ணீராக, குனிந்தால் சொட்டுச் சொட்டாக, நாக்கில் பட்டால் உப்புக் கரிக்க ஒழுகினால், அதிலும் தலையில் அடிபட்ட பிறகு என்றால், அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அது மூளையைச் சுற்றியுள்ள நீர் கசிவதாக இருக்கலாம். "இரண்டு துளையிலுமா, ஒன்றிலா?" என்று என்னிடம் கேட்டாரே, அந்தக் கேள்வி அதற்குத்தான்.

உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவும் ஜலநேத்தி எனக்கு உதவுகிறது, ஓட்டத்துக்கு முன் அல்ல, வாகனப் புகையில் ஓடிவிட்டு வந்த பிறகு. தீபாவளிக்கு மறுநாள் அவசியம் செய்வேன். கால் லிட்டர் தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்பு. தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். இதில் சமரசம் கிடையாது. 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விட்ட இருவர், அதிலிருந்த அமீபா மூளைக்கு ஏறி இறந்துபோனார்கள். பில்லூர்த் தண்ணீரோ சிறுவாணித் தண்ணீரோ, குடிக்க அமிர்தம்தான். மூக்குக்கு மட்டும் கொதிக்க வைத்துவிடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு 21 கிலோமீட்டர் ஓட்டம், முதல்முறை. விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்து சமையலறைக்குப் போனால், அத்தை முன்பே எழுந்து மேசையருகே உட்கார்ந்திருக்கிறார். என் ஓட்ட எண் அச்சிட்ட அட்டைக்குப் பக்கத்தில் புதிதாகக் கிழித்த நான்கு துண்டுகள், இஸ்திரி போட்டதுபோல மடித்து. "இருபத்தொன்று என்றாயே, ஒன்று போதுமா?" ஆறு வேட்டியில் இப்போது இரண்டுதான் மிச்சம் என்று எனக்குத் தெரியும்.

நான்காவது கிலோமீட்டரில் மூக்கு ஆரம்பித்தது. மணிக்கட்டிலிருந்து துணியைப் பிரித்தபோது தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். ஓரத்தில் கறுப்பாக மூன்று புள்ளியும் ஒரு கோடும். வெளுக்கப் போடும் துணி மாறிவிடாமல் இருக்க, முன்பெல்லாம் சலவைக்காரர் சேங்கொட்டைச் சாற்றால் போடும் குறி. எத்தனை வெளுப்புக்கும் போகாது. எங்கள் வீட்டுக் குறி அதுதான் என்று மாமா ஒருமுறை எனக்குக் காட்டியிருக்கிறார். துணியைத் திருப்பிப் பிடித்து, குறி இல்லாத பக்கத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஓடினேன்.